கட் ஆகாத பேச்சு

பேச்சு பாதியில் அறுந்துபோனால் உங்களுக்கும் எனக்கும் எரிச்சல்தான் வரும். சிலருக்கு அப்போதுதான் உயிரே வரும். இவர்களை இணைப்பாளர் இனம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒருவர் தேறுவார்.

மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் அதில் அசல். அச்சகத்தில் கணக்கு பார்க்கிறார். கட்டடத்துக்கே அவர் சிக்னல் மாமா. தெருவில் டவர் கிடைக்கும், வீட்டுக்குள் வைஃபை மட்டும்தான். கதவைத் தாண்டும்போது பேச்சு அறுந்துவிடும். மற்றவர்கள் மறுபடி போன் போட்டுப் பேசுவார்கள். மாமாவால் அப்படி விட முடியுமா? கேட்வே என்று ஒரு பெட்டியை வாங்கி வந்து, டவர் விடுகிற இடத்தில் வைஃபை பிடித்துக்கொள்ளும், பேசுகிறவருக்கே தெரியாது என்று மனைவிக்கு விளக்கி, அலமாரியில் இருந்த கல்யாணப் போட்டோவை இறக்கிவிட்டு அங்கே பெட்டியை ஏற்றி, கூடத்தின் குறுக்கே ஒயர் இழுத்து, அதில் தடுக்கி விழுந்த மைத்துனரிடம் “பாத்து நடக்கக் கூடாதா” என்று கடிந்துகொண்டு, அன்று முதல் சோதனையில் இறங்கினார். யாருக்காவது போன் போடுவார். “கேக்குதா? இப்ப கேக்குதா?” என்றபடியே தெருவிலிருந்து சமையலறை வரை வருவார். வேறு விஷயம்? அது எதற்கு?

பெட்டி மசியவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் எதையோ மாற்றிவிட்டுத் தெருவில் இறங்கினார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லும்மா. படி ஏறிட்டே இருக்கேன்.”

“எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்குப்பா. கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்.”

“இரு, கதவுகிட்ட வந்துட்டேன்... உள்ள வந்தாச்சு. கேக்குதா?”

“கேக்குதுப்பா. நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?”

“பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு.”

“அப்ப உங்களுக்குச் சம்மதமா?”

“ரொம்ப ரொம்ப சந்தோஷம்மா.”

போனை வைத்துவிட்டுக் கூடத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

“என்ன சொன்னா?” என்றாள் மனைவி.

“ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு.”

“அதான், என்ன சொன்னா?”

மாமா யோசித்தார். அதற்குள் மனைவியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் மகள் அழுதுகொண்டே சிரித்தாள். “அப்பா உடனே சரின்னுட்டாரும்மா. அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இத்தனை நாளா பயந்துட்டே இருந்தேன்.”

பயந்துட்டே இருந்தேன். அன்று மாமாவின் காதுக்குள் போன முதல் வார்த்தை அதுதான். லைன் சரியில்லை, ஒன்றும் விளங்கவில்லை என்று பின்வாங்கலாமா? அந்த வழியைத்தான் அவரே அடைத்துவிட்டாரே. கையை நீட்டிப் போனை வாங்கினார்.

“அம்மாடி, அந்தப் பையனப் பத்திச் சொல்லு,” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினார்.

நீங்கள் சிரிக்கலாம். நேற்று உங்கள் வீட்டில் யாரோ ஏதோ சொல்ல, நீங்களும் போனைப் பார்த்தபடியே “சரி, சரி” என்றீர்கள். எதற்குச் சரி சொன்னீர்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.