தானாகப் பச்சையான சுவர்

இந்த டிசம்பரில் பெயிண்ட் பிரஷ்ஷைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். எங்கள் பானி ஊரில் அது தேசத் துரோகத்துக்கு அடுத்த குற்றம். கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்காதவனைப் புருஷன் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். மூளை இருக்கிறதே! மாணவர்களோடு ஸ்டாப் மோஷன் படம் எடுக்க ஆரம்பித்தேன். பொம்மையைத் துளி நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் துளி நகர்த்தி இன்னொன்று. வரிசையாக ஓட்டினால் பொம்மை நடக்கும். படப்பிடிப்பு எங்கள் வீட்டுக் கூடத்தில்.

"நெரெய்தா, இங்க ஒரு நாற்காலிகூட அசையக் கூடாது" என்றேன் மனைவியிடம்.

"அப்போ சுவரு?"

"ஐயோ, பின்னணியே அதுதான்! நிறம் மாறினா படம் போச்சு."

"பாவம், பிள்ளைங்க ஆசையாச்சே. நீ தொடவே வேணாம் எலாடியோ."

இவ்வளவு சுலபத்தில் அவள் எதற்கும் சம்மதித்ததே இல்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காபி குடித்தேன்.

மறுநாள் யுடெல்கா ஓடி வந்தாள். என் மாணவி, படத்தின் இயக்குநர்.

"சார், கதையை மாத்தியாச்சு! பொம்மை கிடையாது. ஒரு சுவரு தானாவே பச்சையா மாறுது!"

"யாரு யோசனை?"

"நெரெய்தா அக்காதான். தேங்கா மிட்டாய் குடுத்துக்கிட்டே சொன்னாங்க."

"தானா எப்படிம்மா மாறும்?"

"நீங்க பிரஷ்ஷால ஒரு இழுப்பு இழுத்துட்டு விலகிடணும். நான் போட்டோ எடுப்பேன். அப்புறம் இன்னொரு இழுப்பு."

ஊரில் மற்ற புருஷன்மார்கள் மளமளவென்று அடித்து முடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போனார்கள். நான் ஒரு இழுப்பு, ஒரு ஓட்டம். ஒரு இழுப்பு, ஒரு ஓட்டம்.

"சார், உங்க நிழல் விழுது! இன்னும் தள்ளி!"

நான் சொன்ன பச்சைப் பொய் அங்குலம் அங்குலமாகச் சுவரேறியது.

"இசையாவது என் கிதாரா இருக்கட்டுமே" என்று கெஞ்சினேன்.

"கை வலிக்குதுன்னியே, ஓய்வெடு" என்றாள் நெரெய்தா. அவளே தேங்காய்த் துருவியைக் கரண்டியால் சுரண்டி இசை கூட்டினாள். மாணவர்கள் காலி பெயிண்ட் டப்பாவைத் தட்டினார்கள். எங்கள் ஊர் மெரெங்கே ஆட்டத்துக்கு ஏற்ற அருமையான தாளம்! நான் ஏணியில் நின்று "முதுகு போச்சே!" என்று அலறியதை யுடெல்கா எப்போதோ பதிவு செய்திருக்கிறாள். அதுதான் பல்லவி.

திரையிட்ட அன்று பள்ளிக்கூடமே எழுந்து ஆடியது. திரையில் பிரஷ் இல்லை, ஏணி இல்லை, நான் இல்லவே இல்லை.

என் மாமியார் ஃபெலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சுவருக்கு இருக்கிற பொறுப்பைப் பாருங்க மாப்பிள்ளை! உங்களை நம்பாம தானே அடிச்சுக்கிச்சு!"