நாலாம் சடங்குக்கு முன் அவிழ்த்த வாழைகள்

உரும்பிராய்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய கமலாவதி மாமிக்கு,

பின்வீதியிலிருந்து சுவர்ணா பணிவோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீங்களும் மாமாவும் சுகமாயிருக்கிறீர்கள் என்பது கேட்காமலே தெரியும். நேற்று நீங்கள் கோழியைத் துரத்திய சத்தம் எங்கள் கிணற்றடி வரைக்கும் வந்தது. நூறு மீற்றர் தூரத்தில் இருக்கிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நேரில் வந்து நின்றால் எனக்கு வாய் வராது என்பது நீங்கள் அறிந்ததுதான். தரம் பத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் எழுத்துப் பிழை அதிகம் இருக்காது. இருந்தால் மன்னியுங்கள். அதைவிடப் பெரிய பிழை ஒன்று கீழே வருகிறது, மன்னிப்பில் கொஞ்சம் அதற்கும் மிச்சம் வையுங்கள்.

முதலில் என் கண்ணில் பட்டது ஈரச் சாக்கு. உங்கள் கேற்றில் கட்டியிருந்த இரண்டு கலியாண வாழைகளின் அடியிலும் யாரோ சாக்கை நனைத்துச் சுற்றி, கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அதைப் பார்த்ததும், தண்டு காயாமல் இருக்கிறது, நார் நன்றாக வரும் என்றுதான் நினைத்தேன். எறியப்போகிற வாழைக்கு ஒருவரும் சாக்கு நனைத்துச் சுற்ற மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. மாமி, உங்கள் வாழைகளை எடுத்தது நான். குலையோடு, பொத்தியோடு, இலையோடு, அந்தச் சாக்கோடும் எடுத்தேன்.

இது ஏன் நடந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் மாதர் குழுவின் கொட்டிலில் ஒரு பக்கம் வாழைக்காயைச் சீவிப் பொரிப்பதும் மா இடிப்பதும், மறுபக்கம் தண்டில் உரிக்கிற வாழைத்தடலை மெசினில் கொடுத்து நார் எடுப்பதும் நடப்பது உங்களுக்குத் தெரியும், தேவராசா அண்ணை தன் லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றி வருகிற உங்கள் தோட்டத்துத் தண்டுகள்தான் எங்களுக்கு முக்கால்வாசி. கொழும்பிலிருந்து பை செய்கிற அம்மா ஒருவர் எங்கள் நாரைப் பார்த்து, வாரம் ஐந்து கிலோ காய்ந்த நார் தொடர்ந்து தர முடியுமா, ஒரு மாதத்தில் நேரில் வந்து பார்த்துச் சொல்கிறேன் என்று அறிவித்தார், அந்த நாள் இந்த வியாழக்கிழமை. ஐந்து கிலோவுக்கு நாற்பது வாழை வேண்டும். ஆனால் ஊரில் குலையை வெட்டிய கையோடு தண்டைத் துண்டுபோட்டுப் பாத்திக்குள் தாட்டுவிடுவார்கள், இல்லையென்றால் மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள், அதற்கு முன் நாங்கள் போய்க் கேட்க வேண்டும். செயலாளர் குணலட்சுமி அக்கா ஆளுக்கொரு ஒழுங்கையைப் பிரித்துத் தந்தார். எனக்குக் கிடைத்தது வைரவர் கோயில் ஒழுங்கை. முதல் வீட்டில் ஒரு ஐயா வந்து என்ன பிள்ளை என்று கேட்டார். நான் தண்ணீர் கேட்டேன். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன், அங்கேயும் வாயில் தண்ணீர்தான் வந்தது. ஐந்தாவது வீட்டில் செம்பைத் தரும்போது அந்த அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வெயிலுக்குள் திரியாதே, வீட்டை போய்ப் படு என்றார். வயிறு நிறையத் தண்ணீரோடும் ஒரு தண்டும் இல்லாமலும் கொட்டிலுக்குத் திரும்பினேன்.

அதன் பிறகுதான் கலியாண மண்டபத்தைக் கண்டுபிடித்தேன். மாப்பிள்ளை பொம்பிளை காரில் ஏறி அரை மணித்தியாலத்தில் மண்டபத்துக் காவலாளி வாசல் வாழையை அறுத்து மதிலோரம் சாய்த்துவிடுவார், அடுத்த நாள் அடுத்த கலியாணம் இருக்கும். நான் கைவண்டிலோடு போய் நின்றால் அவரே தூக்கி ஏற்றிவிடுவார், எனக்கு ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. ஆவணி மாதம், ஊரெல்லாம் கலியாணம். மூன்று கிழமையில் பதினாறு வாழை கொண்டுவந்தேன். குழுக் கூட்டத்தில் குணலட்சுமி அக்கா என்னை எழுப்பி நிறுத்தி, வாயால் அல்ல, கையால் வேலை செய்கிற பிள்ளை, இப்படிப் பத்துப் பேர் இருந்தால் நம் பிரதேசத்துத் தொழில் எங்கேயோ போய்விடும் என்று சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மேசைக்குக் கீழே போய் இருந்துவிடலாம் போல வந்தது. ஆனால் மாமி, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் இனிக்கவும் செய்தது, அந்த இனிப்பில்தான் எனக்குப் புத்தி கெட்டது.

உங்கள் வீட்டு நிவேதனா அக்காவின் கலியாணம் புதன்கிழமை மண்டபத்தில் நடந்தது. நானும் வந்திருந்தேன், சாப்பாட்டுப் பகுதிக் கதவுக்குப் பின்னால் நின்றதால் படத்தில் விழவில்லை. அன்று பின்னேரமே மண்டபத்து வாழை இரண்டும் கொட்டிலுக்கு வந்துவிட்டன. அப்போது எனக்கு ஒரு கணக்கு ஓடியது: கலியாணம் முடிந்தது, மண்டபத்து வாழை குப்பைக்குப் போனது, ஆகவே வீட்டு வாழையும் குப்பைதான். கலியாணத்தின் நாலாம் நாள், நாலாம் சடங்குக்கு மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கேற்றுக்குள்ளால்தான் வருவார்கள், அதுவரைக்கும் வாழை நிற்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மூன்று கிழமையாக மண்டபத்து வாசலில் நின்று நின்று, கலியாணம் என்றால் மத்தியானச் சாப்பாட்டோடு முடிகிற காரியம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஒரு சொல் உங்களிடம் கேட்டிருந்தால் போதும். கேட்க வெட்கப்பட்டு, ஒருவரும் எழும்புவதற்கு முன் வந்தேன். உங்கள் நாய்கூடக் குரைக்கவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு சந்தி வரைக்கும் என்னோடு வந்தது. வழியில் சைக்கிளில் வந்த ஒருவர் குலையோடு வாழை போவதைக் கண்டு, கோயிலுக்குப் போகிறது என்று நினைத்து, இறங்கிச் செருப்பைக் கழற்றி நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு வண்டிலைத் தள்ளினேன்.

எட்டு மணிக்குள் தடல் உரிந்து மெசினுக்குள் போய்விட்டது. குலை இரண்டும் நல்ல மொந்தன், முற்றின காய். பொரியல் பகுதியில் அன்றே சீவிப் பொரித்து, உப்பும் தூளும் போட்டுப் பைகளில் அடைத்தார்கள். பத்து மணியளவில் குணலட்சுமி அக்காவின் கைப்பேசிக்கு நீங்கள் அழைத்து, நாளைக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், இருபது பை பொரியல் வேண்டும் என்று சொன்னீர்கள். அதே அழைப்பில்தான், கேற்று வாழையைக் காணவில்லை, எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான் என்றும் சொன்னீர்கள். அக்கா கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்திருந்தார். என் கையில் நார் இருந்தது, மாமி. உங்கள் நார்.

உங்கள் தோட்டத்துக் குலைகள் கலியாணத்துக்கு முன்னமே வெட்டுப்பட்டுவிட்டதால், மாமா அன்று முழுக்க அலைந்தும் குலை போட்ட வாழை கிடைக்காமல், தோட்டத்துக் கன்று இரண்டைக் கொண்டுவந்து கட்டியதைப் பார்த்தேன். சனிக்கிழமை தெல்லிப்பழையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா கேற்றடியில் காரை விட்டு இறங்கி, அந்தக் கன்றுகளை மேலும் கீழும் பார்த்து, “உது வாழையோ, கீரையோ?” என்று கேட்டதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் பொரியல் பைகளைக் கொண்டுவந்த நான் அவருக்குப் பின்னால்தான் நின்றேன். நீங்கள் சிரித்துச் சமாளித்தீர்கள். பிறகு அந்தப் பெரியம்மா பொரியலை வாயில் போட்டுவிட்டு, இப்படி ஒரு மொந்தன் எங்கே வாங்கினீர்கள், எங்கள் பக்கத்தில் கிடையாது என்று மூன்று பையை மடியில் கட்டிக்கொண்டார். உங்கள் முகம் அப்போதுதான் வெளித்தது. உங்கள் கேற்றில் நின்ற குலையைத்தான் அவர் மெல்லுகிறார் என்று நினைத்தபோது, எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதோடு நின்றிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். வெட்கத்தை ஒளித்து வைத்துப் பழகினவள்தானே. ஆனால் நீங்கள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, விருந்தாட்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, மெதுவாகக் கதைத்தீர்கள்.

“உவன் தேவராசான்ரை வேலைதான் பிள்ளை. கேற்றடியிலை லான்ட்மாஸ்டர் சில்லுத் தடம் கிடக்குது. தண்டு ஏத்தி ஏத்தி, ஊரிலை உள்ள வாழையெல்லாம் தன்ரை எண்டு நினைச்சிட்டான். நீ அங்கை வேலை செய்யிறனிதானே, சொல்லு, உவன்தானே?”

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “ஓம் மாமி” என்றேன்.

அந்த லான்ட்மாஸ்டர் தடம், முதல்நாள் அவர் உங்கள் வீட்டுக்குக் கதிரை இறக்கிவிட்டுப் போன தடம். அது உங்களுக்கும் தெரியும், கோபத்தில் மறந்துவிட்டீர்கள். எனக்கு மறக்கவில்லை. வாழையை எடுத்தது தெரியாமல் செய்த பிழை. அந்த “ஓம்” தெரிந்து செய்தது. வாய் திறக்க மாட்டாத நான், திறந்த ஒரு தடவையும் இன்னொருவருடைய பெயரைக் கெடுப்பதற்குத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேலிக்கு மேலால் தேவராசா அண்ணையைக் கேட்ட கேள்விகளைப் பின்வீதி முழுக்கக் கேட்டது. அவர் நேற்றுக் காலை கொட்டில் வாசலில் வந்து நின்று, “என்ரை பேர் சுத்தமாகும் மட்டும் ஒரு தண்டும் என்ரை பெட்டியிலை ஏறாது” என்று குணலட்சுமி அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய லான்ட்மாஸ்டர் இல்லாமல் உங்கள் தோட்டத்துத் தண்டு வராது. தண்டு வராமல் மெசின் ஓடாது. நாளை மறுதினம் கொழும்பு அம்மா வந்து, ஓடாத மெசினையும், சும்மா இருக்கிற பதினொரு பெண்களையும், கொடியில் காய்கிற இரண்டு பிடி நாரையும் பார்த்துவிட்டுப் போவார். அந்த இரண்டு பிடியும் உங்கள் வீட்டுக் கலியாண நார். குணலட்சுமி அக்கா நேற்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். நான் அவருக்கு முன்னால் இருந்து என் சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன். வெட்கம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

ஆகவே மாமி, என்னை என்ன பேசினாலும் பேசுங்கள், வேலிக்கு மேலாலேயே பேசுங்கள், பின்வீதி கேட்கட்டும். ஆனால் தேவராசா அண்ணையிடம் ஒரு சொல் நல்லதாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் தோட்டத்துத் தண்டைக் குழுவுக்குத் தருவதை என்னால் நிறுத்திவிடாதீர்கள். நான் கொட்டிலுக்கு வரக் கூடாது என்றால் வரவில்லை. சாக்கு இரண்டையும் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன்.

நிவேதனா அக்காவும் அத்தானும் சண்டை சச்சரவு இல்லாமல் நூறு வருசம் இருக்க வைரவரை வேண்டுகிறேன். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் நாய்க்கும் சொல்லுங்கள், அதன்மேல் ஒரு பிழையும் இல்லை.

இப்படிக்கு,
தலை நிமிராத,
சுவர்ணா.

பி.கு.: கொட்டிலில் இருந்து இதை உறைக்குள் போடுகிற நேரத்தில் வாசலில் லான்ட்மாஸ்டர் சத்தம் கேட்டது. தேவராசா அண்ணை உங்கள் தோட்டத்துத் தண்டு ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

“நேற்றுப் பின்னேரம் போய், நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை. கமலாவதி அக்காவுக்கு நல்ல சந்தோசம். எனக்கு அப்பவே தெரியும் எண்டு சொல்லி, பால் தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் தந்தவ. வியாழக்கிழமை மெசின் ஓட வேணுமே.”

நீங்கள் எடுக்கவில்லையே அண்ணை என்றேன். தடலில் கிடந்த உங்கள் கேற்றுத் தோரணக் கயிற்றை வெள்ளிக்கிழமையே மெசினடியில் கண்டதாகவும், நானாகச் சொல்லுவேன் என்று பார்த்ததாகவும், இந்தப் பிறவியில் அது நடக்காது என்று நேற்றுத்தான் விளங்கியதாகவும் சொன்னார். பிறகு என் கையில் இருந்த கடிதத்தைக் கண்டார்.

“உதைக் கிழிச்சுப் போடு. குடுத்தியெண்டால் நான் பொய்க்காரன் ஆயிடுவன்.”

“கள்ளன் எண்டதை விடப் பொய்க்காரன் பரவாயில்லை அண்ணை” என்றேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு சிரிக்காமல் லான்ட்மாஸ்டரை ஸ்டார்ட் பண்ணினார்.

இப்போது உங்கள் கேற்றடியில், சைக்கிள் சீற்றின்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். உங்களைக் கூப்பிட்டுவிட்டேன்.