பாட்டின் நடுவே ஒரு பொன்னாடை

மரியாதை தெரியாதவன் பேசாமல் கதிரையில் இருந்துவிடுவான். மரியாதை தெரிந்தவன்தான் எழும்பிப் போய்ச் சேதம் விளைவிப்பான். நான் அளவுக்கு மிஞ்சி மரியாதை தெரிந்தவன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் இரண்டு வீடு, மோர்னிங்சைட்டில் கடை. (பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.) ஆனால் தொண்ணூறுகளில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றில் இருந்துகொண்டு, ஜன்னல் செய்யும் ஃபக்டரி ஒன்றில் வேலை செய்தேன். எனக்கு அந்த வேலையைத் தந்தவர் ஃபோர்மன் கெரத். வேல்ஸ்காரர். நான் அவரைக் 'கெரத் அண்ணை' என்றுதான் கூப்பிடுவேன்.

வேலையில் சிடுமூஞ்சியான மனுசன், சாப்பாட்டு நேரத்தில் தான் நடத்தும் ஆண்கள் பாட்டுக்குழுவின் கதையைத் தொடங்கினால் ஆளே மாறிவிடுவார். அவருடைய ஊர்ப் பாட்டன்மார் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். பின்னேரம் கரியைக் கழுவிப்போட்டுத் தேவாலயத்தில் கூடிப் பாடுவார்களாம். அவர்களின் பிள்ளைகள் சிலர் ரொறன்ரோவுக்கு வந்து, குளிரும் தனிமையும் தாங்காமல் ஒரு தேவாலயத்து நிலவறையில் பாடத் தொடங்கியதுதான் இந்தக் குழு. உலக யுத்தத்துக்கு இளம் ஆட்கள் போனபோது, அவர்களுடைய கதிரைகளை வெறுமையாய்ப் போட்டுவிட்டுக் கிழவர்கள் சுற்றி நின்று பாடினார்களாம்.

"எல்லாரும் எப்பிடி அண்ணை ஒண்டாய் நிப்பாட்டுறியள்?" என்று கேட்டேன். (என் ஆங்கிலத்தை நான் இங்கே தமிழில் தருவது உங்கள் நன்மைக்கு.)

"என்ரை கையைத்தான் பாப்பினம். கை மூடுமட்டும் சத்தம் நிக்காது."

"மூச்சு முட்டினால்?"

"பக்கத்திலை நிக்கிறவன் சத்தத்தை விடாமல் தாங்குவான். இவன் அதுக்குள்ளை மூச்செடுப்பான்."

சும்மா அளக்கிறார் என்று நினைத்தேன்.

நாற்பது வருடம் குழுவை நடத்திய கெரத் அண்ணை விலகும் நாள் வந்தது. அன்றைய கச்சேரியின் கடைசிப் பாட்டுத்தான் அவர் கை காட்டி நடத்தும் கடைசிப் பாட்டு. என்னையும் மனுசியையும் முன்வரிசையில் இருத்தினார். நான் கோட்டுக்குள் ஒரு சரிகைப் பொன்னாடை ஒளித்து வைத்திருந்தேன்.

வெள்ளைத் தலைகள் வரிசை வரிசையாய் நின்று பாடின. அந்தச் சத்தம் காதால் வரவில்லை. பலகை நிலத்தால் வந்து காலில் ஏறி நெஞ்சுக்குள் நின்றது. கடைசிப் பாட்டு உச்சத்துக்குப் போனது. நான் எழும்பினேன்.

"இஞ்சாருங்கோ, எங்கை போறியள்? பாட்டு முடியட்டும்!" மனுசி கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"விடப்பா. கோயில்லை தவில் உச்சத்திலை நிக்கேக்கைதானே போர்க்கிறது? முடிஞ்சாப்பிறகு போர்த்தால் ஆர் பாக்கிறது?"

மேடையேறி அண்ணைக்குப் பின்னால் போய், அவருடைய இரண்டு கையையும் சேர்த்துப் போர்த்தேன். தவில்காரர் என்றால் ஒரு தலையாட்டலோடு வாசித்துக்கொண்டே இருப்பார். இவருடைய கைகளோ பொன்னாடைக்குள் மாட்டிக்கொண்டன. சரிகைக் குஞ்சம் கோட்டுப் பொத்தானில் கொளுவிவிட்டது. அவர் இந்தப் பக்கம் இழுக்க, உதவிக்கு நான் அந்தப் பக்கம் இழுத்தேன்.

குழு ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தபடி நின்றது. கை மூடவில்லை. ஆகவே அவர்கள் விடவில்லை.

முகங்கள் சிவந்தன. ஒருவர் மூச்செடுக்க, பக்கத்தில் நின்றவர் தாங்கினார். சத்தம் மயிரளவும் இறங்கவில்லை. பொன்னாடைத் தலைப்பைப் பிடித்தபடி நான் வாயைப் பிளந்து நின்றேன். செத்துப்போன சுரங்கக்காரரெல்லாம் பின்வரிசையில் நின்று தாங்குவதுபோல் இருந்தது.

கடைசியில் மடிப்புக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. மெதுவாய் மூடியது. அத்தனை குரலும் ஒன்றாய் நின்றன.

அண்ணையின் கடைசிப் பாட்டைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை," என்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. கண் கலங்கக் குழுவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாப்பது வருசமாய்ச் சொல்லிக் குடுத்தனான். உண்மையாய் என்ரை கையைத்தான் பாக்கினமோ எண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சது."

பொன்னாடையை அவர் கழற்றவில்லை. அதோடேயே வீட்டுக்குப் போனார். பிறகு அது குழுவின் பயிற்சி அறையில், பழைய சுரங்க விளக்குக்குப் பக்கத்தில் சுவரில் ஏறியது. இனி என்னை விட்டுவிட்டு அந்தக் குழுவின் வரலாற்றை ஒருவராலும் சொல்ல முடியாது.

அந்தக் கதையை என் வீட்டாரும் மறக்கவில்லை. எந்தக் கொண்டாட்டத்திலும் நான் மைக்கைப் பிடித்து, "ஐந்தாம் வகுப்போடு..." என்று தொடங்கினால் போதும், மனுசி கையைத் தூக்குவாள். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "ஆ..." என்று பிடிப்பார்கள். ஒருவர் மூச்செடுக்க மற்றவர் தாங்குவார். நான் மைக்கை வைத்துவிட்டுக் கதிரையில் போய் இருக்குமட்டும் அவள் கையை மூடமாட்டாள்.