முழங்காலுக்கு மேலே அனுமதி கோரி

ஏரிக்கரை வீடு,
புதன்கிழமை, மாலை நாலரை மணி.

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தங்கை வணங்கி எழுதிக்கொள்வது. கடவுள் கருணையால் இங்கே ஆறு பேரும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். உன் மூட்டுவலியையும் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன், வலது மூட்டு என்று தெளிவாகச் சொல்லி.

விஷயம் பெரியது என்பதால் முதலில் இங்கே இருப்பவர்களை எழுதிவிடுகிறேன், பின்னால் யாரும் நான் பார்க்கவில்லை என்று சொல்லக் கூடாது. ஒன்று, நான். இரண்டு, என் வீட்டுக்காரர். மருந்துக்கடையைப் பதினான்கு நாளுக்குப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார், பூட்டினோமா என்று தினமும் ஒரு தடவை கேட்கிறார். மூன்று, அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார். வயது அறுபத்து மூன்று, தண்ணீரில் விட்டால் முப்பது. நான்கு, என் மூத்தவள். ஐந்து, அவளைக் கட்டிய மாப்பிள்ளை. நிலம் அளக்கிற வேலை, விடுமுறைக்கும் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஆறு, சின்னவள், பதின்மூன்று வயது, நாம் வாயைத் திறக்குமுன்னே எதிர்க்கேள்வி தயாராக வைத்திருப்பவள். இவர்களைத் தவிர, கரையில் உயரமான நாற்காலியில் விசிலோடு ஒரு காவல்காரத் தம்பி உட்கார்ந்திருக்கிறார். அவரும் இந்தக் கடிதத்தில் வருவார், நானாகக் கூப்பிடவில்லை.

அக்கா, ஏரி என்றதும் நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குளத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி நினைத்துக்கொள்ளாதே. எதிர்க்கரையே தெரியவில்லை. மாப்பிள்ளை தொலைநோக்கியில் பார்த்துவிட்டு இருக்கிறது என்கிறார், நம்ப வேண்டியதுதான். கடல் மாதிரி அலை அடிக்கிறது, ஆனால் உதட்டில் பட்டால் உப்பில்லை. குடிக்கிற தண்ணீர், அக்கா, கண்ணுக்கு எட்டியமட்டும் குடிக்கிற தண்ணீர், காலையில் வெள்ளைத் துணி விரித்த மாதிரி கிடக்கிறது, பத்து மணிக்குக் காற்று வந்ததும் பச்சையாகிறது, சாயங்காலம் என்ன நிறம் என்று எனக்கும் மூத்தவளுக்கும் தினமும் வாக்குவாதம். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பலகையால் ஒரு மிதவை மேடை கட்டி விட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் நீந்திப் போய் அதில் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டுகிறார்கள். எல்லோரும் என்றால் எல்லோரும், என்னைத் தவிர. ஏன் என்று உனக்குத் தெரியும்.

எனக்கு எட்டு வயது, உனக்குப் பதின்மூன்று. நான் குளத்தில் வழுக்கி விழுந்ததும், நீ குதித்து என் சடையைப் பிடித்து இழுத்ததும், கரையில் என்னைக் குப்புறப் போட்டு முதுகில் குத்திக்கொண்டே நீ கத்தியதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "கடவுளே, இவளைப் பிழைக்க வை. இனிமே இவ முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கவே மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு." இதுதான் நீ சொன்னது, ஒரு வார்த்தை கூட்டிக் குறைத்து எழுதவில்லை. நான் பிழைத்துவிட்டேன். கடவுள் தன் பங்கைச் செய்துவிட்டபிறகு நம் பங்கில் குறை வைக்கலாமா? நாற்பத்தோரு வருஷமாக நான் முழங்காலைத் தாண்டவில்லை. குளிப்பதை இதில் சேர்க்கவில்லை, வாளிக்குள் யாரும் இறங்குவதில்லை. கல்யாணத்துக்கு முன்பே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவரும், பெண்ணுக்கு வேறு குறை இல்லையே என்று ஒத்துக்கொண்டார்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியதும் மாப்பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்தார். அத்தை, உங்க எல்லையை முதல்ல குறிச்சிடலாம் என்று என்னைத் தண்ணீரில் நிற்க வைத்து, முழங்கால் நனையும் இடத்தில் அளவுகோலை ஊன்றிப் பார்த்து, ஒரு குச்சி நட்டுச் சிவப்பு நாடா கட்டினார். நானும் குச்சிக்கு இந்தப் பக்கம் நின்று, கையில் நோட்டை வைத்துக்கொண்டு, யார் எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எத்தனை மணிக்கு ஏறினார்கள் என்று எழுதினேன். யாராவது ஒருவர் எழுதினால்தானே ஆறு பேர் போய் ஆறு பேர் திரும்பினோம் என்று நிம்மதியாகத் தூங்கலாம். நாத்தனார் மிதவை மேடையிலிருந்து திரும்பி வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, "நீ நல்லாக் காவல் இரும்மா, கண் அசந்தா ஏரி ஓடிப் போயிடும்" என்றார். நான் அவர் நேரத்தை இரண்டு நிமிடம் குறைத்து எழுதினேன். அப்புறம் மனசாட்சி உறுத்தித் திருத்திவிட்டேன். ஆனால் பத்து மணிக்குக் காற்று வந்ததும் குச்சியடியில் தண்ணீர் நாலு விரல் ஏறிவிட்டது. குச்சியைப் பிடுங்கி நட்டார்கள், மதியம் இன்னும் இரண்டு விரல், மறுபடி நட்டார்கள், இப்படி நட்டு நட்டு நான் கடைசியில் துண்டு காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில் நின்றேன். காவல்காரத் தம்பி இறங்கி வந்து, எதையாவது தொலைச்சிட்டீங்களாம்மா என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை படகு. படகில் போனால் தண்ணீர் பலகைக்குக் கீழே, என் முழங்கால் பலகைக்கு மேலே, ஆகவே தப்பில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரோடு துடுப்புப் படகில் ஏறினேன். அவர் துளி மருந்தை எண்ணி ஊற்றுகிறவர், துடுப்பையும் எண்ணித்தான் போடுவார், ஆனால் வலது கைக்கு இடது கையைவிடப் பலம் அதிகம் என்று அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. படகு ஒரே இடத்தில் வட்டம் போட்டது. பதினேழாவது வட்டத்தில் அடியில் தண்ணீர் கசிவதைப் பார்த்தேன். கணுக்கால் நனைந்தது, அதற்கு மேலும் ஏறியது. அவர் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கிறார். முழங்காலுக்கு வருமுன் ஏதாவது செய்ய வேண்டுமே என்று நான் உட்காரும் பலகைமேல் ஏறி நின்றேன். அக்கா, படகில் நிற்கக் கூடாதாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. படகு சாய்ந்தது, அவர் தண்ணீருக்குள் போய்விட்டார், படகு நிமிர்ந்தது, நான் அப்படியே நிற்கிறேன், சேலை நுனிகூட நனையவில்லை. அவர் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக, கோபமே இல்லாமல் சொன்னார்: "நீ முதல்ல வேண்டுதலைக் காப்பாத்து. என்னை அப்புறமாக் காப்பாத்திக்கலாம்." நாத்தனார் நீந்தி வந்து, தன் தம்பியையும் படகையும் ஒரே கையால் தள்ளிக் கரைசேர்த்தார். நோட்டில் அவருக்கு அன்றைக்கு ஒன்றே கால் மணி நேரம், அதில் பன்னிரண்டு நிமிடம் விருப்பமில்லாமல்.

நேற்று நடந்ததற்குத்தான் இந்தக் கடிதம். காலையில் கரையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னவள் தட்டை வைத்துவிட்டு, அம்மா, பெரியம்மா சொன்னது ஆழமா உயரமா என்று ஆரம்பித்தாள். எனக்குப் புரியவில்லை. காற்றடித்த மிதவை வளையத்துக்குள் ஒருத்தர் உட்கார்ந்தால் முதுகும் இடுப்பும் தண்ணீரில் இருக்கும், கால் மடிந்து முழங்கால் மேலே நிற்கும். அப்போது உடம்பிலேயே உயரமான இடம் முழங்கால்தான், தண்ணீர் அதற்கு மேலே வரவில்லையே, வாக்கும் தவறவில்லையே என்றாள். மாப்பிள்ளை மணலில் படம் போட்டுப் பார்த்துவிட்டு, அளவுப்படி சரிதான் அத்தை என்றார். மூத்தவள், இது ஏமாற்று என்றாள். நாத்தனார், ஏமாற்றோ என்னமோ, இவள் உட்கார்ந்தால் வளையம் தாங்குமா பார்க்கலாம் என்றார். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. உட்கார்ந்தேன். தாங்கியது.

அக்கா, முதுகில் அந்தக் குளிர்ச்சி பட்டதும் எனக்கு எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரிச்சுக்கிட்டே இருக்கேன், காத்து அந்தப் பக்கம் திரும்பினதை யாரும் கவனிக்கலை. நிமிர்ந்து பார்க்கும்போது சிவப்பு நாடா சின்னதாத் தெரியுது, மிதவை மேடை பக்கத்துல வருது, மேடையில உட்கார்ந்திருந்தவங்க எனக்குக் கை அசைக்கிறாங்க, நானும் மரியாதைக்குக் கை அசைச்சேன், மேடை பின்னால போயிடுச்சு. அப்புறம் முன்னால் ஒன்றுமில்லை, தண்ணீர்தான். பயப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது, பிரார்த்தனையைத் தொடங்கினேன், பாதியில் பார்த்தால் நான் காப்பாற்று என்று கேட்கவே இல்லை, நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெயில் தண்ணீருக்குள் இறங்கிக் கம்பி கம்பியாகப் போவதை எட்டிப் பார்த்தேன். இவ்வளவு அழகை முழங்கால்வரை தொட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்திருப்பேனே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் விசில். காவல்காரத் தம்பி படகில் வந்து, காலைக் கீழே விட்டுப் படகைப் பிடித்து ஏறுங்கள் என்றார். "காலைக் கீழ விட முடியாது தம்பி, எங்கக்கா வாக்குக் கொடுத்திருக்காங்க" என்றேன். உங்க அக்கா எங்கே இருக்காங்க என்று கேட்டார். வெளியூரில் என்றேன். உடனே அவர் வளையத்தில் கயிறு கட்டி, முழங்கால் இரண்டும் வானத்தைப் பார்க்க, கரையில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் முன்னால் என்னை இழுத்துக்கொண்டு வந்து விட்டார். சிலர் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் தட்டவில்லை. அவர் என்னைத் தேடி, போட்ட சட்டையோடு கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இழுத்து வந்ததற்காக இல்லை. கடவுளிடம் வளையத்தைக் காட்டி, பார், முழங்கால் மேலேதான் இருக்கிறது என்று வாதாடினேனே, அதற்காக. நாற்பத்தோரு வருஷம் ஒழுங்காக நடந்துவிட்டு நாற்பது நிமிடத்தில் வக்கீல் ஆகிவிட்டேன். அப்படி வேண்டாம் அக்கா. இறங்கினால் நேராக இறங்க வேண்டும், இல்லையென்றால் கொடியடியில் நிற்க வேண்டும்.

எனக்கு இறங்க வேண்டும். வேறு யாருக்காகவும் இல்லை, நாத்தனார் பேச்சுக்காகவும் இல்லை. பொறுப்பு என்று சொன்னவள் நீ, ஆகவே விடுவிக்க வேண்டியவளும் நீ. அன்றைக்கு நீ பயந்தது எனக்காக. உன் பழைய உடுப்புகளையெல்லாம் நான் போட்டுத் திரிந்தது போல அந்தப் பயத்தையும் இத்தனை வருஷம் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டேன். இப்போது இறுக்குகிறது. போன் போட்டுக் கேளேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். போனில் நீ, பார்த்துக்கலாம் என்பாய். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எழுத்தில், முழங்காலுக்கு மேல் இறங்கலாம் என்று ஒரு வரி, கீழே உன் கையெழுத்து. கழுத்துவரை என்று எழுதினாலும் போதும், மிச்சத்தை அடுத்த வருஷம் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறுவரை இருக்கிறோம். நீ அனுமதி தரும்வரை குச்சியைத் தாண்ட மாட்டேன், இது உறுதி.

அத்தானுக்கு என் வணக்கம். உன் வீட்டில் எல்லோருக்கும் கடவுள் ஆரோக்கியத்தையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும், உன் வலது மூட்டுக்கு விசேஷமாக.

என்றும் உன் சொல்லை மீறாத,
தங்கை.

பி.கு. வியாழக்கிழமை, மாலை ஆறு மணி. எழுத்து ஓரத்தில் கரைந்திருப்பதைப் பார்த்து நான் அழுதேன் என்று நினைக்காதே. இங்கே தபால் படகில் போகிறது. காலையில் படகுத்துறையில் நின்று கடிதத்தை நீட்டினேன், எட்டவில்லை, ஒரு காலைப் படகில் வைத்தேன், படகு புறப்பட்டது. கடிதம் பிடித்த கையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு மிச்சம் எல்லாம் உள்ளே போய்விட்டது. நாத்தனார் துறைமேல் நின்றுகொண்டு, "எழுந்து நில்லும்மா, நெஞ்சளவுதான்" என்றார். நின்றேன். நெஞ்சளவுதான். அது விழுந்தது, கடவுளே சாட்சி. ஆனால் மூன்று மணிக்கு மறுபடி போனது விழுந்தது இல்லை, சிவப்பு நாடாவைக் கையால் ஒதுக்கிவிட்டு நானே நடந்து போனது. ஐந்து மணிக்குப் போனதும் அப்படியே. அப்போது நாத்தனார் என் முதுகுக்கு அடியில் கை கொடுத்து மிதக்க வைத்தார். அண்ணி, கையை எடுத்துடாதீங்க என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "எடுத்து ரொம்ப நேரமாச்சு, நீதான் பேச்சை நிறுத்தலை" என்றார். நிறுத்தினேன். காது தண்ணீருக்குள் இருந்தது, ஒரு சத்தம் இல்லை, அக்கா, நான் பண்ணியதிலேயே நல்ல பிரார்த்தனை அதுதான்.

ஆகையால் மேலே கேட்ட அனுமதி இப்போது பயன்படாது. வேறு ஒன்று கேட்கிறேன். இந்த நாற்பத்தோரு வருஷத்தில் என்றைக்காவது ஒரு தடவை, பாவம், அவள் இறங்கட்டுமே என்று உன் மனதில் தோன்றியிருந்தால், அது எந்த நாள், எத்தனை மணி என்று எழுது. இன்று மூன்று மணிக்கு முன்னால் என்றால் நான் வாக்குத் தவறவில்லை. நன்றாக யோசித்துப் பார், ஒரு தடவை தோன்றியிருந்தால் போதும். நாளைக் காலை ஏழு மணிக்கு மிதவை மேடைக்குப் போவதாக இருக்கிறோம்.

பதிலைச் சீக்கிரம் எழுது.