கூடம் நேர், ரூம் கோணல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். என் லேப்டாப்பை நானே சரி செய்வேன். மச்சான் கை அதன் மேல் படக் கூடாது.

சபதத்தைச் சமையலறை வாசலில் நின்று உரக்கச் சொன்னேன். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடாமலே கேட்டாள்.

"லேப்டாப்புக்கு என்ன?"

"ஓடல."

"இப்பதானே டைப் பண்ணிட்டு இருந்தீங்க?"

"ஓடுது. ஆனா நடக்குது."

"ஓடுதா, நடக்குதா?"

"ஓட வேண்டியது நடக்குது."

அவள் குழாயை மூடினாள். நான் விளக்கினேன். உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன், எனக்கே அன்று காலைதான் தெரிந்தது. லேப்டாப்புக்கு மூளை ஒன்று உண்டு. பிராசசர் என்று பெயர். நான் வாங்கி வந்த பெட்டியில் அதன் வேகம் மூன்று புள்ளி ஆறு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனால் வியாழக்கிழமையிலிருந்து ஒரு எழுத்தைத் தட்டினால், போடலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் போட்டது. வேகத்தைக் காட்டும் பக்கத்தைத் தேடிப் பிடித்துத் திறந்தேன். பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்பது. மூன்றரை ஆள் சம்பளம் வாங்கிக்கொண்டு முக்கால் ஆள் வேலை செய்தால் எந்த முதலாளி சும்மா இருப்பான்?

எனக்கோ தலை போகிற அவசரம். வாஷிங் மெஷின், ஃபேன், இஸ்திரிப் பெட்டி எது வாங்கினாலும் உள்ளே ஒரு சின்னக் கையேடு கிடக்குமே, யாரும் பிரித்துப் பார்க்காமல் அட்டைப் பெட்டியோடு தூக்கிப் போடுவார்களே, அதை எழுதுகிற பாவி நான்தான். புது வாஷிங் மெஷினுக்கு அறுபத்து நான்கு பக்கம். திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். முப்பதாம் பக்கத்தில் நிற்கிறேன்.

"தம்பிய வரச் சொல்லவா?" என்றாள்.

அவள் தம்பி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் என் பிரிண்டர் செத்துவிட்டது என்று அவனைக் கூப்பிட்டேன். வந்தான். சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டான். போய்விட்டான். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் யாரைப் பார்த்தாலும், சௌக்கியமா என்று கேட்பதற்குப் பதிலாக, "சுவிட்ச் போட்டீங்களா?" என்கிறார்கள்.

"அவன் வேண்டவே வேண்டாம்."

"சரி. கொஞ்ச நேரம் ஹால்ல வச்சுப் பாருங்களேன்."

இந்த இடத்தில் நான் உஷாரானேன். ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பின்பக்கம் ஒரு ரூம் இருக்கிறது. எட்டுக்குப் பத்து. ஒரு ஜன்னல், ஒரு கதவு. குளியலறையை விட்டால், ஒரு மனுஷன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே இடம். அது என்னுடையது. அதன் மேல் மனைவிக்கு ஒரு கண். அவள் கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து, கண் தெரியாதவர்கள் கேட்பதற்காக ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறாள். நல்ல குரல். ஆனால் படுக்கையறை ரோட்டைப் பார்த்த மாதிரி இருக்கிறது. லாரி சத்தம் விழாமல் இருக்கத் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, உள்ளே டார்ச் அடித்து வாசிப்பாள். வெளியே வரும்போது வேர்த்து விறுவிறுத்திருப்பாள். மூன்று தடவை ரூமைக் கேட்டாள். மூன்று தடவையும் "அடுத்த மாசம் பார்ப்போம்" என்றேன்.

இப்போது லேப்டாப் ஹாலுக்குப் போனால் அதன் பின்னாலேயே நான் போவேன். நான் போனால் ரூம் போகும். எனக்குத் தெரியாதா?

"ரூம்லயே சரி பண்றேன்" என்றேன்.

"உங்க இஷ்டம்" என்று மறுபடி குழாயைத் திறந்தாள்.

ரூமில் புகுந்து வேலையை ஆரம்பித்தேன். அணைத்துப் போட்டேன். ஏழு ஒன்பது. வைரஸ் தேடினேன், ஒரு மணி நேரம். வைரஸ் இல்லை, ஏழு ஒன்பது இருந்தது. மூளைக்குப் பாரமாக இருக்குமோ என்று பழைய போட்டோக்களை அழித்தேன். எங்கள் கல்யாண போட்டோக்களை அழிக்கப் போய், பயந்து கையை எடுத்துக்கொண்டேன். சூடாக இருக்குமோ என்று நாலு டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பை ஏற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன். மேஜையில் இருந்த வாஷிங் மெஷின் காகிதமெல்லாம் பறந்தது. லேப்டாப் மட்டும் அசையவில்லை. நடுநடுவே திரையின் கீழ் மூலையில் ஏதோ அறிவிப்பு ஒன்று வந்து வந்து நின்றது. யாருக்கு அதையெல்லாம் படிக்க நேரம்? வர வர மூடினேன்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தேன்.

"பத்து நிமிஷம் மட்டும் ஹால்ல வச்சுப் பார்க்கறேன். பத்தே நிமிஷம்."

"வைங்க. அந்தச் சார்ஜர ஏன் கழட்டறீங்க? அது அங்கயே இருக்கட்டும். ஹால்ல என்னோடது இருக்கு, அதச் சொருகுங்க."

இருவருடையதும் ஒரே கம்பெனி லேப்டாப். என்னுடையது பெரியது, அவளுடையது சின்னது. சார்ஜர்கள் மட்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஹாலில் சொருகினேன். வேகத்தைப் பார்த்தேன்.

மூன்று புள்ளி ஆறு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மூன்று புள்ளி ஆறேதான். ரூமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி அங்கிருந்த சார்ஜரில் சொருகினேன். ஏழு ஒன்பது. ஹால். மூன்று புள்ளி ஆறு. ரூம். ஏழு ஒன்பது. நாலு தடவை போய் வந்தேன்.

சார்ஜர் கோளாறாக இருக்குமோ என்று நானும் நினைக்காமல் இல்லை. நான் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆனால் ரூமில் இருப்பது என் சார்ஜர். பெரிய லேப்டாப்புக்கென்றே வந்தது. ஹாலில் இருப்பது அவளுடைய நோஞ்சான் சார்ஜர். நோஞ்சானே இந்த இழு இழுக்கிறது என்றால் சார்ஜர் மேல் பழி போட முடியுமா? போதாததற்கு இரண்டிலும் பேட்டரி ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது எதிர்வீட்டு பிளம்பர் செய்தித்தாள் வாங்க வந்தார். நான் லேப்டாப்பைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தார்.

"என்ன சார், தூங்கலையா அது?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஹாலைப் பார்த்தார். ரூமைப் பார்த்தார். வாசலில் இருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்தார்.

"சார், மீட்டர் எங்க இருக்கு?"

"வாசல்ல."

"ரூம் எங்க இருக்கு?"

"கடைசியில."

"கடைசி வீட்டுக்குத் தண்ணி எப்படி வரும்?"

"சொட்டுச் சொட்டா."

"அவ்வளவுதான் சார். கரண்டுக்கு மட்டும் என்ன தனி நியாயமா?"

அன்று முழுவதும் எனக்குப் புரிந்த ஒரே பேச்சு அதுதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் செய்தித்தாளை வாங்கிக்கொண்டு போனார்.

சமையலறைக்கு ஓடினேன்.

"இந்தா, அந்த ரூமை நீ எடுத்துக்கோ."

"எதுக்குங்க? அது உங்க ரூம்."

"ரூமே சரியில்ல. கரண்டு வந்து சேரல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். கேக்கறவங்க சிரிக்கப் போறாங்க."

"கூடம் நேராத்தான் இருக்கு. ரூம்தான் கோணல்."

"நாளைக்கே திரும்பக் கேப்பீங்க."

"கேக்க மாட்டேன்."

"வேண்டாங்க. உங்க மனசு கஷ்டப்படும்."

"நீ எடுத்துக்கலன்னாதான் கஷ்டப்படும்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தாள். எங்கே மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். கடைசியில் எனக்காக ஒப்புக்கொண்டாள். ஆனால் சாமான் தூக்க அவளுக்கு முதுகு வலியாம். என் அலமாரி, மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் நானே ஹாலுக்கு இழுத்தேன். அவள் மேஜையை நானே உள்ளே கொண்டுபோனேன். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க நாலு சுவரிலும் போர்வைகளை நானே ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். ஆணி மட்டும் அவள் எடுத்துக் கொடுத்தாள்.

நாலு மணிக்கு ஹாலில் உட்கார்ந்தேன். அடடா, என்ன வேகம். நான் நினைப்பதற்கு முன் எழுத்து விழுந்தது. நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பதாம் பக்கம். பாதுகாப்புக் குறிப்புகள் வந்துவிட்டன. இந்தப் பகுதி எனக்கு மனப்பாடம், இருபது வருடமாக எல்லாக் கையேட்டிலும் இதைத்தான் எழுதுகிறேன். விரல்கள் தாமாகவே தட்டின. 'இயந்திரத்துடன் வந்த மின்கம்பியை மட்டுமே பயன்படுத்தவும். போதிய மின்சாரம் கிடைக்காவிட்டால் இயந்திரம் குறைந்த வேகத்தில் இயங்கக்கூடும்.'

விரல்கள் நின்றன.

மெதுவாகக் குனிந்து, ஹாலில் இருந்த சார்ஜரைத் திருப்பி அடியில் பார்த்தேன். நூற்று முப்பது வாட். ரூமுக்குப் போய் அங்கிருந்ததைத் திருப்பினேன். நாற்பத்தைந்து. இரண்டையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றேன். அவள் மேஜையில் புத்தகத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது என்னோடது."

"ஆமா."

"இது உன்னோடது."

"ஆமா."

"எப்ப மாறிச்சு?"

"வியாழக்கிழமை. கூட்டும்போது."

"தானா மாறிச்சா?"

"மூணு தடவை வாயால கேட்டேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

எனக்குச் சுருக்கென்று குத்தியது. அடுத்த நொடியே கோபமும் வந்தது. ஆணி அடிக்கும்போது சுத்தியல் பட்ட என் விரல் இன்னும் வீங்கியிருந்தது.

"ரூமைக் காலி பண்ணு. இப்பவே."

"பண்ணிடறேன்" என்று அடுக்கிய புத்தகங்களை மறுபடி எடுக்க ஆரம்பித்தாள். இவ்வளவு சுலபமாகச் சரி என்கிறாளே என்று நான் குழம்பி நிற்கும்போதே காலிங் பெல் அடித்தது.

"தம்பியாத்தான் இருக்கும்" என்றாள். "மைக் ஸ்டாண்டு கொண்டாரேன்னு சொன்னான். இழுத்துப் போட்ட சாமானெல்லாம் பார்த்தா என்ன ஏதுன்னு கேப்பான். சார்ஜர் மாறினது தெரியாம நாலு தடவை லேப்டாப்ப இடுப்புல தூக்கிட்டு நடந்தேன், பிளம்பர் வந்து கண்டுபிடிச்சார்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்கு உங்கள மாதிரி விளக்க வராது."

என் கண் முன்னால் எங்கள் சொந்தம் முழுவதும் வரிசையாக வந்து, சார்ஜர் சரியா இருக்கா, சார்ஜர் சரியா இருக்கா என்று கேட்டுவிட்டுப் போனது. ஒரு பக்கம் ரூம், ஒரு பக்கம் மானம். பெல் இரண்டாம் தடவை அடித்தது.

நோஞ்சான் சார்ஜரை அவள் மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

மச்சான் உள்ளே வந்து ஹாலில் கிடந்த என் அலமாரியைப் பார்த்தான். "என்ன மாமா, ரூமைக் காலி பண்ணிட்டீங்க?"

"உங்க அக்கா போர்வைக்குள்ள கிடந்து கஷ்டப்படறா. எனக்கே பார்க்கப் பொறுக்கல. நீயே வச்சுக்கோன்னு கொடுத்துட்டேன்."

"லேப்டாப்லாம் எப்படி ஓடுது?"

"அதுக்கென்ன? சும்மா பறக்குது."

"பெரிய மனசு மாமா உங்களுக்கு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். வீங்கின விரல். வலித்தாலும் சிரித்தேன். ரூம் போனால் போகிறது, இவன் வாயில் விழாமல் தப்பித்தேனே என்று ஐம்பத்தோராம் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவன் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குள் போனான். கதவு சாத்தியும் சாத்தாமலும் இருந்தது. உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது.

"நான் சொன்னேன்ல அக்கா, உன் சார்ஜரைச் சொருகினா வியாழக்கிழமை ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூம் கைக்கு வந்துடும்னு."