பதிவர் முதுகில் ஒரு பதிவு

உலகத்தில் உள்ள அத்தனை மூடநம்பிக்கையையும் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து ஒழித்துக் கட்டுவது என்று விளாங்குடி இன்பசேகரன் கங்கணம் கட்டிக்கொண்டது 2006-ல். மனுஷன் சயின்ஸ் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார், அது மனைவி ஞானத்துக்குப் பயந்து. திரும்பி வந்த கையோடு வலைப்பதிவில் உட்கார்ந்துவிடுவார், அது உண்மைக்காக. ஒரு வாரம் கண்ணீர் விடும் சிலை. ஒரு வாரம் சர்க்கரையை விரட்டும் மூலிகைப் பொடி. ஒரு வாரம் டி.வி. செய்தியில் வந்த பறக்கும் சாமியார். ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே என்று கேட்டே விரல் தேய்ந்துபோனது.

போன வாரம் அவரிடம் மாட்டியது அக்கி எழுத்து. உடம்பில் அக்கி கண்டால், மண்பானை செய்கிறவர்களிடம் போய், காவி மண்ணைக் குழைத்து அந்த இடத்தில் சிங்கம் வரைந்துகொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். சிங்கம் அக்கியைத் தின்றுவிடுமாம். ‘சிங்கத்தைப் பார்த்துப் பயப்பட கிருமிக்குக் கண் எங்கே இருக்கிறது?’ என்று கிழி கிழியென்று கிழித்திருந்தார். பின்னூட்டம் குவிந்தது. இன்பசேகரனுக்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை அவர் முதுகிலேயே அக்கி வந்துவிட்டது.

அடேயப்பா, லேசுப்பட்ட அக்கியா அது! இடது பக்கம் பூராவும் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். ஃபேன் காற்று பட்டாலே உயிர் போனது. டாக்டர் மாத்திரையும் தடவுவதற்குக் கேலமைன் லோஷனும் எழுதிக் கொடுத்தார்.

“ஏங்க, தெருக்கோடியில பானை செய்யிற மாயக்கா இருக்கு. அதுவும் ஒரு எழுத்து எழுதி விட்டுரட்டுமே” என்றாள் ஞானம்.

“ஞாயித்துக்கெழம தல்லாகுளத்துல பதிவர் சந்திப்பு. நான் பேசப்போறதே அக்கியப் பத்தித்தான். முதுகுல சிங்கத்தச் சுமந்துக்கிட்டா போகச் சொல்ற?”

“சட்ட போட்டுத்தான போவீங்க?”

“மனசாட்சிக்கு எந்தக் கடையில சட்ட விக்கிது?”

ஞானம் வாயை மூடிக்கொண்டாள். அவள் இவ்வளவு சுலபமாக வாயை மூடுகிற ஆள் இல்லை என்பதை, எதையும் சந்தேகப்படுகிற இன்பசேகரன் சந்தேகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு அம்மா வந்தது. “கிளினிக்ல இருந்து மருந்து தடவ அனுப்பிருக்காக” என்றாள் ஞானம். இன்பசேகரன் யாரென்று ஏறிட்டும் பார்க்காமல் குப்புறப் படுத்து, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். முதுகில் ஜில்லென்று ஒரு கோடு ஓடியது. பின்னாலேயே இன்னொரு கோடு.

“என்ன ஞானம், மண்ணு வாசம் வருது?”

“கேலமைனுங்க. அதுவும் பூமிக்குள்ள வெட்டி எடுக்குறதுதானாம்ல? நீங்கதான எழுதிருந்தீங்க.”

இன்பசேகரன் அசந்துபோனார். தன் எழுத்தை வீட்டிலேயே ஒருத்தி படிக்கிறாள்!

“வளைச்சு வளைச்சுத் தடவுறாங்களே?”

“அசையாதீக சார்,” என்றது அந்த அம்மா, “பிடரி கலைஞ்சிரும்.”

“பிடரியில அக்கி இல்லையேம்மா!”

“பரவுறதுக்கு முன்னாடி தடுக்குறாங்க” என்றாள் ஞானம். “ரெண்டு நாளைக்கு முதுகுல தண்ணி படக்கூடாதாம்.”

என்ன ஆச்சரியம்! சாயங்காலமே எரிச்சல் பாதி குறைந்தது. சனிக்கிழமை முக்கால்வாசி கொப்புளம் வாடிவிட்டது. விஞ்ஞானத்தை நினைத்து இன்பசேகரனுக்குக் கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பதிவர் சந்திப்பில் அவர் பேசிய பேச்சு இருக்கிறதே, கைதட்டல் அடங்கவே இல்லை. “எனக்கே அக்கி வந்து, வெறும் மருந்துலயே வாடிருச்சு. என்னைய நம்பாதீங்க! ஆதாரத்தப் பாருங்க!” என்று முழங்கி, சட்டையைக் கழற்றி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இளம் பதிவர் கிளமெண்ட் கேமராவோடு கிட்டே வந்தான்.

“அண்ணே,” என்றான் பக்தியோடு, “சிங்கம் தத்ரூபமா இருக்குண்ணே.”

கேமராவில் எடுத்ததைக் காட்டினான். செக்கச் செவேலென்று ஒரு சிங்கம். சிலிர்த்த பிடரி, சுருண்ட வால், நீட்டிய நாக்கு. நாக்கு தொட்ட இடத்தில் கொப்புளமெல்லாம் கருகிக் கிடந்தது. இன்பசேகரனே ஒரு நிமிஷம் மலைத்துப்போய் நின்றார். மானம் கப்பலேறுகிறது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் சட்டையைக் கையில் பிடித்தபடியே பஸ் ஏறினார்.

“ஏமாத்திட்டியே ஞானம்! மாயக்காவ நர்ஸாக்கிட்டியே!”

“மாத்திரையும் வேளா வேளைக்குக் குடுத்தேன்ல?”

“அப்ப கொணமாக்குனது மாத்திரைதான்!”

“இருக்கும்.”

“சிங்கமில்ல!”

“இருக்காது.”

“ரெண்டையும் ஒண்ணாக் குடுத்தா எது கொணமாக்குச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“அது எனக்கெதுக்கு? எனக்கு நீங்க எந்திரிச்சு நடமாடணும், அம்புட்டுத்தான்” என்றாள். இன்பசேகரனுக்குக் கோபம் பாதியாய்க் குறைந்தது. இப்படி ஒரு மூளை தன் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறதே என்று மலைப்பாகவும் இருந்தது.

ஞானம் ஈரத்துணியோடு வந்தாள். “மாத்திரைதான்னா சிங்கம் எதுக்கு? திரும்புங்க, துடைச்சு விட்டுர்றேன்.”

கெத்தாகத் திரும்பினார். துணி முதுகுக்குப் பக்கத்தில் வந்தது. இடுப்புக்கு மேலே இன்னும் ரெண்டு கொப்புளம் சுருக்கென்றது.

“ஞானம்,” என்றார் மெதுவாக, “வால வேணா துடைச்சுக்க. வாய்ப்பக்கம் மட்டும் கைய வச்சிராத.”