மருமகனுக்கு ஊற்றாத மாமனார்

செம்பூர், பம்பாய்
20 நவம்பர் 1964

மகா கனம் பொருந்திய மச்சான் சூசைமாணிக்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை அன்னமேரியின் கணவன் தொம்மை தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். மாடிப்படி ஏறினால் எனக்கு நெஞ்சில் ஒரு குத்தல், வாயுதான். தூத்துக்குடியில் தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

விஷயம் என்னவென்றால், தாங்கள் உடனே வந்து தங்கள் தகப்பனாரை அழைத்துப் போக வேண்டும். தவக்காலத்தில் அடக்கம் செய்தவரை எப்படி அழைத்துப் போவது என்று கேட்காதீர்கள். ஆறு மாதம் மகள் வீடு, ஆறு மாதம் மகன் வீடு என்று அன்றைக்கே பேசி முடித்ததுதானே? எங்கள் முறை எப்போதோ முடிந்துவிட்டது.

மலபார் ஹில்லில் மாமாவைப் பட்லராக வைத்திருந்த துரை, சீமைக்குப் போகும்போது ஒரு சாப்பாட்டு மேசையும் ஒரு பாட்டிலும் கொடுத்துவிட்டுப் போனாரல்லவா? மேசை எங்கள் ஒற்றை அறையில் பாதியை விழுங்கிவிட்டது. பாட்டிலை, மதுவிலக்குப் போலீசுக்குப் பயந்து, அரிசி டின்னுக்குள் புதைத்திருந்தோம். அது வெறும் விஸ்கி இல்லை. மலைப்பூத் தேன், கிராம்பு, சோம்பு, பெயர் தெரியாத பச்சிலை எல்லாம் சேர்ந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு, சின்னக் கிளாஸில், தண்ணீர் விடாமல், உள்ளங்கையில் சூடு காட்டிக் குடிக்க வேண்டும் என்று மாமா பாடம் நடத்துவார். ஆனால் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. "பட்லர் ஊத்துவான், குடிக்க மாட்டான்" என்பார். இது தெரிந்தும் கல்லறைத் திருநாளன்று அவர் நினைவாக ஒரு கிளாஸ் ஊற்றி வைத்தேன் பாருங்கள், அதுதான் வினை. அன்னமேரி பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போனாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கிளாஸ் எதிர் நாற்காலிக்கு முன்னால், வலது பக்கமாக, விசிறி மடிப்பு மடித்த துணியோடு இருக்கிறது! போன மழையில் செத்துப்போன பக்கத்து வீட்டுச் சந்தியாகு உட்காரும் நாற்காலி அது. ஆளில்லை, கிளாஸில் இருந்தது மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. மறுநாள், காலஞ்சென்ற தங்கள் தாயார் ரோசம்மா அவர்களுக்கும் ஒரு கிளாஸ். தினமும் இதே உபசாரம்தான். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். அதைவிட வயிறு எரிகிறது. செத்தவர்களுக்கெல்லாம் ஊற்றுகிறவர், வீட்டு மருமகனுக்கு ஒரு சொட்டு ஊற்றக் கூடாதா? வெட்கத்தை விட்டு நானே ஒரு காலிக் கிளாஸை எடுத்து என் முன்னால் வைத்தேன். கண் இமைப்பதற்குள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

குழாயடியிலிருந்து திரும்புகிறவளுக்குத் தேன் வாசமும் குறைந்த பாட்டிலும் நானும்தான் தெரிகிறோம். "எங்க அப்பா பேரச் சொல்லி நீங்க குடிக்கியளா? இனிமே இங்க இருக்க மாட்டேன். அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன், பாத்துக்கிடுங்க" என்று பெட்டி கட்டிவிட்டாள். அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. நான் குடிக்கவில்லை என்று அவளுக்குச் சாட்சி சொல்லத் தாங்கள்தான் வர வேண்டும்.

மைனிக்கும் பிள்ளைகளுக்கும் பனிமய மாதா காவல்.

தங்கள் கீழ்ப்படிந்த
தொம்மை

பின்குறிப்பு: வர வேண்டாம். கவரை ஒட்டும்போது குத்தல் பலமாக வந்து மேசைமேலேயே சாய்ந்துவிட்டேன். நிமிர்ந்தால் குத்தல் போன இடம் தெரியவில்லை. என் முன்னால் விசிறித் துணியோடு கிளாஸ்! மாமா தம் கையாலேயே ஊற்றினார். முதலில் தேன், அப்புறம் கிராம்பு, கடைசியில் தொண்டையில் இதமான சூடு. சந்தியாகு சிரித்தார். மாமாமேல் சொன்ன குறையெல்லாம் வாபஸ். இப்போதுதான் அன்னமேரி குழாயடியிலிருந்து வந்து, மேசைமேல் சாய்ந்தபடியே கிடக்கும் என் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்துகிறாள். குடித்துவிட்டுக் கிடக்கிறேன் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. இன்றைக்கு ஒரு நாள் அவள் சொல்வது நிஜம்தான்.